கால் கழுவும் அறைக்கு ஒரு கல்

இதை எழுத உட்காரும்போதே சந்தேகம் வந்துவிடுகிறது. நான் சொல்லப்போவதில் என் கண்ணால் பார்த்தது எவ்வளவு, அக்கா சொல்லிக் கேட்டது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் அன்று ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்ததா, அணைந்திருந்ததா? அணைந்திருந்தது என்று அத்தான் சொல்கிறார். ஆனால் அவர் அன்று அங்கே இல்லவே இல்லை. நிலையம் முழுக்கக் கேட்டது என்று அக்கா சொல்கிறாள். ஆனால் அக்கா சொல்லும் எதிலும் ஒரு கைப்பிடி உப்பு கூடுதலாகத்தான் இருக்கும். நான் அங்கே நின்றேன். எனக்குக் கேட்டதாகத்தான் நினைவு. அதிகம் பேசாதவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. பேசாதவர்கள் ஒன்றையே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். கடைசியில் நடந்தது கரைந்து போய், சொல்லிப் பார்த்தது மட்டும் தங்கிவிடும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வேலை பார்த்தது சுகாதார வளர்ச்சி அலுவலகத்தில். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வகை நோய். முதல் மாடியில் விமானம் ஏறக்கூடிய நோய்கள். இங்கே ஒருவருக்கு வந்தால் மறுநாளே பணக்கார நாட்டில் இன்னொருவர் தும்முவார்; ஆகவே அந்த மாடிக்குக் கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், நடைபாதையில் கம்பளம். அதற்கு மேலே ஆளைக் கொல்லும் நோய்கள். அவற்றுக்குக் கம்பளம் இல்லை, குளிர்சாதனம் உண்டு. மேலே போகப் போக நோய்களின் தகுதி குறையும். மின்தூக்கி கடைசி மாடிக்கு முந்தைய மாடியோடு நின்றுவிடும். அதற்கப்புறம் படியேறி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தால் எங்கள் பிரிவு. அதன் முழுப் பெயர் பலகையில் இரண்டு வரிக்கு இருந்தது. கட்டிடத்தில் எல்லோரும் அதை 'மற்றும் பிற' என்றுதான் சொல்வார்கள். "சாப்பாட்டுக் கூப்பன் மற்றும் பிறவுக்குக் கொடுத்தாச்சா?" என்பார்கள்.

எங்கள் நோய்கள் விமானம் ஏறுவதில்லை. ஆளைக் கொல்வதும் இல்லை. கண்ணை மங்க வைக்கும், தோலைத் தடிக்க வைக்கும், காலை வீங்க வைக்கும். பிறகு நோயாளியும் நோயும் ஒரே வீட்டில் பல வருடம் குடித்தனம் நடத்தும். "சாவு இல்லாத நோய்க்கு வரைபடமே போட முடியலம்மா" என்று எங்கள் இயக்குநர் அடிக்கடி வருத்தப்படுவார். "மத்தவங்க கோடெல்லாம் பாருங்க, எப்படி ஏறி இறங்குது! நம்ம கோடு படுத்தே கிடக்கு."

அவருக்கு அலுவலகத்தில் காற்புள்ளி என்று பெயர். காரணம் இருக்கிறது. உலகத்துப் பெரியவர்கள் எல்லோரும் கூடி, மனிதகுலம் அடைய வேண்டிய இலக்குகள் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பெரிய நோய்களின் பெயர்களெல்லாம் தனித்தனியாக முன்னால் வந்தன. பிறகு ஒரு காற்புள்ளி. அதற்குப் பின்னால், பெயர்கூடச் சொல்லாமல், 'புறக்கணிக்கப்பட்ட நோய்கள்' என்று எங்களை மொத்தமாக மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். இயக்குநர் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"பார்த்தீங்களா? காற்புள்ளிக்கு அப்புறம் யாரு? நாம! புறக்கணிக்கப்பட்டதுன்னு பேரு வெச்சே கவனிச்சிருக்காங்க!"

என் வேலை வெற்றிக் கதை எழுதுவது. மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண், சாப்பிடுவதற்கு முன் சோகமாக இருந்தாள், இப்போது நம்பிக்கையோடு இருக்கிறாள் என்கிற மாதிரி. படத்தில் அவள் தூரத்தில் எதையோ பார்க்க வேண்டும். கால் படத்துக்குள் வரக்கூடாது. நான் நிறையப் படிக்கிறவள் என்பதால் இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

என் அக்காவுக்கு இடது கால் வீக்கம். யானைக்கால். இருபது வயதுக்கு முன்பே வந்துவிட்டது. "யானைக்காவது நாலு காலும் ஒரே அளவுடி. எனக்குப் பாரு, ஒண்ணு யானை, ஒண்ணு கொக்கு" என்பாள். அத்தான் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடைச் செருப்பு அந்தக் காலுக்கு ஏறாது என்பதால் கார் டயரை அறுத்து அவரே செருப்புச் செய்து கொடுப்பார். அக்காவின் வலது கால் கடையில் வாங்கியது, இடது கால் டயர். "தேயவே தேயாது, நாலு சக்கரத்துல ஓட வேண்டியது" என்று பெருமைப்படுவார்.

அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே, எப்போது என்று பதில் சொல்வாள். வண்டி வந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்பாள். அந்த நிலையத்தில் அவள் குரலைத் தெரியாதவர் இல்லை. காலைத் தெரிந்தவர் யாரும் இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதுதான் அவளுக்கு அந்த ஜன்னலின் மதிப்பு. நாள் முழுக்க நிற்கும் வேலை என்றால் கால் ஒரு மாதம் தாங்காது.

காலுக்கு எதிரி வீக்கம்கூட இல்லை, காய்ச்சல்தான். விரல் இடுக்கில் சின்னப் புண் வந்தால் போதும். தொடையில் நெறி கட்டி, பல் கிட்டிக்கிற அளவுக்கு நடுக்கம் எடுத்து, வாரக்கணக்கில் படுக்கப் போட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும். இதைத் தடுக்கப் பெரிய மருந்து எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, களிம்பு தடவி, கட்டுப் போட்டால் போதும். அரசு ஆஸ்பத்திரியின் பழைய கட்டிடத்தில் இதற்காக ஓர் அறை இருந்தது. நாலு குழாய், சில முக்காலிகள், பிளாஸ்டிக் பேசின்கள், ஒரு நர்ஸ். அவ்வளவுதான்.

எனக்கு அந்த அறை பிடிக்கும். விடுமுறை நாட்களில் அக்காவோடு போய் மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். படிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டும் இருப்பேன். வெளியே காலை மறைத்தே பழகிய பெண்கள் அங்கே புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, யார் வீட்டில் என்ன சண்டை என்று பேசுவார்கள். அந்த அறைக்கு அவர்கள் வைத்த பெயர் பியூட்டி பார்லர். இரண்டு காலும் வீங்கிய ஒரு அம்மா உண்டு. நடக்கச் சிரமம் என்பதால் எப்போதும் யாராவது தாங்கிப் பிடித்துக் கூட்டி வருவார்கள். அவருக்கு இளவரசி என்று பெயர்.

"இளவரசி வந்தாச்சு, கம்பளம் விரிங்க" என்பாள் அக்கா.

"விரி விரி. பாதம் பட்டா உன் கம்பளத்துக்குத்தான் பெருமை" என்பார் இளவரசி.

நர்ஸ் எல்லோரையும் திட்டுவாள். "விரல் இடுக்கை யாரு துடைக்கிறது? உங்க மாமியாரா வந்து துடைப்பாங்க?" திட்டிக்கொண்டே அவளே குனிந்து துடைத்துவிடுவாள்.

இந்த அறை நடக்க ஆகும் செலவு மிகவும் குறைவு. அதுதான் அதன் பெரிய குறை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒருமுறை காற்புள்ளியிடம் நிதி கேட்டு நர்ஸ் வந்தபோது அவர் சொன்னார்: "சோப்பும் துண்டும்னு எழுதி நான் எந்த நாட்டுக்கிட்ட போய் நிக்கிறது? கேக்குறவங்களுக்கே கூச்சமா இருக்கும். ஏதாவது மெஷின் மாதிரி இருந்தா சொல்லுங்கம்மா."

அப்போதுதான் அந்தப் பெரிய செய்தி வந்தது. வருடக்கணக்காக ஊர் ஊராக மாத்திரை கொடுத்ததில் நோய் பரவுவது நின்றுவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தில் கிருமி இல்லை. இது உண்மை, நல்ல உண்மை. இதற்காக உழைத்தவர்களை நான் கேலி செய்யவில்லை. சர்வதேசச் சரிபார்ப்பாளர் ஒருவர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால், யானைக்காலை ஒழித்த நாடு என்று சான்றிதழ் கிடைக்கும். 'மற்றும் பிற' பிரிவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேக் வந்தது.

கேக்கை வெட்டிவிட்டுக் காற்புள்ளி சொன்னார்: "ஒரே ஒரு இடைஞ்சல்தான். ஆஸ்பத்திரியில அந்த ரூம். நோய் ஒழிஞ்சாச்சுன்னு நாம சொல்றோம், பக்கத்துலயே வரிசையா உக்காந்து கால் கழுவிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

"சார், அவங்களுக்கு நோய் முன்னாடியே வந்தது. பரவறது நின்னாலும் வீங்கின கால் வடியாது" என்றேன். நான் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பழசா புதுசான்னு கால்ல எழுதியா ஒட்டியிருக்கு? வர்றவங்க பார்த்தா கால்தானேம்மா தெரியும்!"

சரிபார்ப்புக்கான விதிமுறைப் புத்தகம் அவருடைய அலமாரியில் பூட்டியிருந்தது. அவர் எதையும் பாதி வரைதான் படிப்பார். மீதியை அனுபவத்தால் ஊகித்துக்கொள்வார். இதிலும் அப்படித்தான் ஊகித்தார்.

அடுத்த வாரம் அக்கா போனபோது குழாய்களைப் பலகை வைத்து மறைத்திருந்தார்கள். சுவரெல்லாம் படங்கள். 'வெற்றிக் கண்காட்சி' என்று பலகை. மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின் என்று இரண்டு வரிசை. காலை இளைக்க வைக்க யாராலும் முடியவில்லை என்பதால் 'பின்' வரிசையில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு காவலாளி.

"திறப்பு விழா முடிஞ்சப்புறம்தான் பார்க்க விடுவோம்மா."

"பார்க்க வரலைய்யா, கழுவ வந்தோம்."

"கண்காட்சியில கழுவ முடியாதும்மா. கம்பளம் போட்டிருக்கு."

இளவரசி அவ்வளவு தூரம் வந்ததற்கு வாசற்படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் போனாராம். "கம்பளம் விரிச்சாங்க பாருடி, நான் வர்றதுக்குள்ள என்னையே வெளிய நிறுத்திட்டாங்க" என்றாராம்.

வீட்டில் கழுவினால் ஆகாதா என்று கேட்கலாம். எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்று தண்ணீருக்கே தெரியாது. அக்கா ஒரு வாளியில் சமாளித்துப் பார்த்தாள். அந்த மாதமே விரல் இடுக்கில் புண், நெறி, காய்ச்சல். அத்தான் கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து வேலைக்குப் போனபோது நிலைய மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படிப் படுத்தீங்கன்னா ஜன்னலுக்கு வேற ஆளப் போட்டுடுவேன்மா. உங்களை நடைமேடைக்கு மாத்திடுறேன். நின்னுட்டே விசில் ஊதுற வேலை, சுலபம்தான்."

அன்று சாயங்காலம் அக்கா கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். வீட்டில் பேசாமல் இருப்பது என் வேலை. அவள் அதைச் செய்தால் பயமாக இருக்கும்.

"ஊமைக்கோட்டான், உங்க ஆபீஸ்ல யாருகிட்டயாவது கேளுடி. ரூம் வேணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

யாருக்காக என்று சொல்லாமல் நான் கேட்டேன். "சான்றிதழ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார் காற்புள்ளி.

சரிபார்ப்பாளர் வந்தார். வயதான ஓர் அம்மையார்; நரைத்த தலை, சாதாரணத் தோல்பை, தேய்ந்த செருப்பு. அந்தக் கட்டிடத்தில் படியேறி மூச்சு வாங்காத முதல் விருந்தாளி அவர்தான். ரத்தப் பரிசோதனை விவரமெல்லாம் பொறுமையாகப் பார்த்தார், தலையாட்டினார். எங்களுக்கு உயிர் வந்தது. பிறகு அவர் கேட்டார்.

"நோயாளிகளுக்குக் கால் பராமரிப்பு எங்க நடக்குது?"

"நோயாளிகளே இல்லைங்க மேடம்!" என்றார் காற்புள்ளி. குரலில் அவ்வளவு பெருமை.

அம்மையார் பேனாவை மூடினார். "ஒருத்தர்கூட இல்லையா?"

"ஒருத்தர்கூட இல்லை."

"போன வருஷம் வரைக்கும் ஆயிரக்கணக்குல இருந்தாங்களே. எங்க போனாங்க? இறந்துட்டாங்களா?"

"சேச்சே! நம்ம நோய்ல யாரும் சாகறதே இல்லைங்க மேடம்."

"அப்போ எங்க?"

அந்த அறையில் ஒரு மௌனம் விழுந்தது. மௌனங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாததைச் சொல்லாமல் இருப்பது ஒரு வகை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது இன்னொரு வகை. இது இரண்டும் கலந்தது. கூடவே மின்விசிறியின் கிறீச் சத்தமும்.

"வீட்டுல... ஓய்வா இருக்காங்க" என்றார் காற்புள்ளி.

"பரவறது நின்னா மட்டும் சான்றிதழ் கிடையாது. ஏற்கனவே பாதிக்கப்பட்டவங்களைக் கவனிக்கிற இடமும் இருக்கணும். புத்தகத்துல பின்பாதி முழுக்க அதுதானே இருக்கு? சரி, வெள்ளிக்கிழமை அந்த இடத்தைப் பார்த்துடலாம்."

அவர் போனதும் காற்புள்ளி எங்களைச் சுற்றிப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "யாருக்காவது... தெரிஞ்ச நோயாளி யாராவது இருக்காங்களா?"

அந்த நோய்க்காகவே சம்பளம் வாங்கும் ஓர் அறை நிறைய ஆட்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க அக்கா" என்றேன்.

"உங்க அக்காவா! இத்தனை வருஷத்துல சொல்லவே இல்லையேம்மா!"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

மறுநாள் காலை காற்புள்ளியைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அவர் அதுவரை பேருந்து நிலையத்துக்குள் வந்ததில்லை என்பது அவர் கைக்குட்டையைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. விசாரணை ஜன்னலில் நீண்ட வரிசை. நேரே முன்னால் போகப் பார்த்தார். மூட்டையோடு நின்ற ஒரு பெரியவர், "வரிசையில வாங்கய்யா, எல்லாரும்தான் ஊருக்குப் போகணும்" என்றார். காற்புள்ளி வரிசையில் நின்றார். மனிதகுலத்தின் வரிசையில் அவர் நின்றது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அந்த ஜன்னலில் பேசும் மைக்கும் நிலையத்தின் ஒலிபெருக்கியும் ஒன்றுதான். அறிவிக்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், விட்டால் அணைந்துவிடும். அன்று பொத்தான் சிக்கிக்கொண்டது என்று அக்கா சொல்கிறாள். எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை, இப்போதும் இல்லை.

"எந்த ஊருக்கு?" என்றது அக்காவின் குரல், நிலையம் முழுக்க.

காற்புள்ளி கண்ணாடியில் வாயை வைத்து ஏதோ முணுமுணுத்தார்.

"காலா? எந்தக் கால் வேணும்? வலது காலா, இடது காலா?"

வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள்.

மறுபடி முணுமுணுப்பு.

"வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வேணுமா? வாடகைக்கா?"

ஒரு நடத்துநர் விசில் அடித்தார். காற்புள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நேர அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ரூமைப் பூட்டிட்டுக் குழந்தை படம் மாட்டினது நீங்கதானே சார்? அந்தக் குழந்தையையே கூட்டிட்டுப் போங்க. அதுக்குக் கால் நல்லா இருக்கு."

அவர் கையைக் கூப்பினார். எதையோ சத்தியம் செய்வது தெரிந்தது.

"சத்தியமெல்லாம் வேணாம் சார், அதை வெச்சு என்ன பண்றது? கல்லு வைங்க. கால் கழுவும் அறை, தினமும் திறந்திருக்கும்னு கல்லுல வெட்டி, கீழ அமைச்சர் பேரைப் போடுங்க. எங்க நிலையத்துல கழிப்பறைக்குக் கல்லு இருக்கு. ஆட்சி எத்தனை மாறினாலும் அதுல இன்னிக்கும் தண்ணி வருது. பேர் போட்ட எதையும் பூட்ட மாட்டீங்க, எனக்குத் தெரியும். கல்லு வந்தா நானும் வர்றேன், இளவரசியையும் கூட்டிட்டு வர்றேன். நெக்ஸ்ட்!"

மூட்டைப் பெரியவர் கைதட்டினார். அல்லது அவர் கைதட்டினார் என்று அக்கா பிறகு சேர்த்துக்கொண்டாள்.

கல் என்றதும் எல்லாம் ஓட்டமாக நடந்தது. சோப்பு கேட்டபோது பல மாதம் நகராத கோப்பு, அமைச்சர் பெயர் போட்ட கல் என்றதும் ஒரு பகலில் நகர்ந்தது. படங்கள் இறங்கின, குழாய்கள் வெளியே வந்தன. கறுப்புக் கல்லில் தங்க எழுத்து. அறைக்குப் புதுப் பேசின்கள், திரைச்சீலை, பூந்தொட்டிகள். கம்பளத்தை மட்டும் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நர்ஸ் பேசினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உயரத்துல வெச்சா காலை எப்படிம்மா உள்ள விடறது? சர்க்கஸ்காரங்களா நாங்க?" என்றாள். வெள்ளிக்கிழமை காலை பழைய பிளாஸ்டிக் பேசின்களைத் தேடி எடுத்து வந்தார்கள்.

அமைச்சர் திரையை விலக்கினார், படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். சரிபார்ப்பாளர் வந்தார். அக்கா முக்காலியில் உட்கார்ந்து புடவையை முழங்கால் வரை தூக்கிக் காலைத் தண்ணீரில் வைத்தாள். காற்புள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வாழ்க்கையை நடத்திக்கொடுத்த நோயை அன்றுதான் நேரில் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

அம்மையார் குனிந்து பார்த்தார். "வலிக்குதா?"

"இன்னிக்கு வலிக்காதும்மா. கூட்டம் வந்திருக்கே."

இளவரசி சிரித்ததில் அவர் பேசின் கவிழ்ந்து கம்பளம் நனைந்தது. ஒரு அதிகாரி ஓடி வந்து கல்லைத் துடைத்தார்.

"இந்த அறை தினமும் திறந்திருக்குமா?" என்று அம்மையார் அக்காவைத்தான் கேட்டார். காற்புள்ளியைக் கேட்கவில்லை.

அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றால் சான்றிதழ் போகும், கூடவே அறையும் போகும். ஆமாம் என்றால் அது அவள் தலையில் ஏறும் பொறுப்பு. நர்ஸின் கை அவள் குதிகாலில் நின்றது. குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"கல்லுல போட்டிருக்கும்மா" என்றாள் அக்கா.

அம்மையார் கல்லைப் படித்தார், எழுதிக்கொண்டார்.

சான்றிதழ் வந்தது. விழாவில் காற்புள்ளி, நோய்க்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டோம் என்று பேசினார். அதன்பின் சில வாரம் அலுவலகத்தில் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து முற்றுப்புள்ளி என்று கூப்பிட்டார்கள். அது நிலைக்கவில்லை, பழகின வாய் காற்புள்ளிக்கே திரும்பிவிட்டது.

அறையை யாரும் பூட்டவில்லை. அக்கா சொன்னது சரிதான், பேர் போட்டதைப் பூட்ட அவர்களுக்குத் தைரியம் இல்லை. ஒரு உத்தரவு மட்டும் வந்தது. அமைச்சர் திறந்த அறையைத் திறந்த அன்று இருந்த நிலையிலேயே பாதுகாக்க வேண்டும். தரையும் கம்பளமும் நனையக் கூடாது. கல்லின் மேல் சோப்புநீர் தெறிக்கக் கூடாது. அறை தினமும் திறந்திருக்கும். கால் கழுவுவது மட்டும் கூடாது.

அக்கா அந்த உத்தரவை வாசலில் நின்று கேட்டாள். காவலாளியைத் திட்டவில்லை. பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே சுவரோரம் ஒரு குழாய் போட்டிருந்தார்கள். அதைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது. "சிஸ்டர், முக்காலியை வெளிய கொண்டாங்க" என்றாள். அன்றிலிருந்து பார்லர் வெளியே நடக்கிறது; உள்ளே காவலாளி கல்லைத் துடைக்கிறார். மழைக்காலத்தில் அந்த இடம் சேறாகும். அத்தான் கடையிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து கட்டினார். காற்றடித்தால் அது பாதிப் பேரைத்தான் மறைக்கும்.

காற்புள்ளி இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். நோயை ஒழிப்பது எப்படி என்று மற்ற நாடுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பதவி. அமைச்சர் வேறு துறைக்குப் போய்விட்டார். கல் இருக்கிறது. சரிபார்ப்பாளர் ஒரு தடவை அலுவலகத்துக்கு எழுதி, அந்த அறை இன்னும் திறந்திருக்கிறதா என்று கேட்டார். திறந்திருக்கிறது என்று பதில் போனது. அதில் பொய் எதுவும் இல்லை. 'மற்றும் பிற' பிரிவை மூடிவிட்டார்கள். நான் முதல் மாடியில் விமானம் ஏறும் நோய்களுக்குக் கதை எழுதுகிறேன். இப்போது மின்தூக்கி நான் இருக்கும் இடம் வரை வருகிறது. நர்ஸ் ஓய்வு பெற்றுவிட்டாள். வாரத்தில் சில நாள் தானாக வந்து திட்டிவிட்டுப் போகிறாள். இளவரசி இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தார். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்றே பதிந்தார்கள். எங்கள் நோயால் இறந்தவர் இன்றுவரை யாரும் இல்லை. அத்தான் கடை நடத்துகிறார். அக்கா இன்னும் ஜன்னலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். போன மழைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரத்தில் எழுந்துவிட்டாள். அடுத்தது வந்தால் நடைமேடைதான் என்று மேலாளர் மறுபடி சொல்லியிருக்கிறார். மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை.